ஆர்க் ஃபிளாஷ் லேபிள்களைப் புதுப்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின் பாகங்களுக்கிடையே காற்றின் வழியாகவே மின்சாரம் பாய்ந்து, வெடிப்பதுபோல் வெப்பம் கக்குவதே ஆர்க் ஃபிளாஷ். தொழிற்சாலை மின் பேனல்களின் கதவில் ஒட்டப்படும் ஆர்க் ஃபிளாஷ் லேபிள், அந்த இடத்தின் மின்னழுத்தத்தையும், பாதுகாப்பு உடை இல்லாதவர் விலகி நிற்க வேண்டிய தூரத்தையும், வேலை செய்பவரின் உடலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கலோரி வெப்பம் விழக்கூடும் என்பதையும் சொல்கிறது. 1.2 கலோரி விழுந்தாலே தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கிவிடும். இந்தக் கலோரிக் கணக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: ஆர்க் வழியாகப் பாயும் மின்னோட்டம், அதைப் பிரேக்கர் துண்டிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். இவற்றில் ஒன்று மாறினாலும், ஒட்டிய லேபிள் புத்தம் புதிதாக இருந்தாலும், அதிலுள்ள எண் செல்லாததாகிவிடுகிறது.

ஐந்தாண்டு என்ற கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வதே முதல் தவறு. அமெரிக்காவின் மின் பாதுகாப்பு நெறிமுறையான என்எஃப்பிஏ 70இ, இந்தக் கலோரிக் கணக்குக்கான ஆய்வை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. நம் ஊரில் உள்ள பன்னாட்டு நிறுவன ஆலைகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. ஆனால் அது உச்ச வரம்பே; மின் அமைப்பில் பெரிய மாற்றம் நடந்தால் அப்போதே கணக்கைத் திருத்த வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. மின் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதையும் இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது, ஏனெனில் அவருடைய காலமுறை ஆய்வில் யாரும் கலோரியைக் கணக்கிடுவதில்லை.

பெரிய மாற்றம் என்றவுடன் எல்லோருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் நினைவுக்கு வருகிறது. 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 1600 கேவிஏ வைத்தால் (இம்பீடன்ஸ், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் உள் மின்தடுப்பு, முறையே 5%, 6.25% எனக் கொண்டால்) 433 வோல்ட் பக்கத்தின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் சுமார் 27 கிலோ ஆம்பியரிலிருந்து 34 கிலோ ஆம்பியராக உயரும். இதற்குக் கொள்முதல், ஒப்புதல், ஷட் டவுன் என்று பல படிகள் இருப்பதால் யாராவது ஒருவருக்கு லேபிளின் ஞாபகம் வந்துவிடும். எவர் கண்ணிலும் படாமல் போவது, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்துவிடும் மாற்றம். பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பிரேக்கர் தேவையில்லாமல் டிரிப் ஆகிறது என்று உற்பத்திப் பிரிவு புகார் சொல்ல, இரவு ஷிஃப்டில் இருப்பவர் பிரேக்கரை டிரிப் செய்யும் ரிலீஸ் என்ற பகுதியின் தாமத டயலைச் சற்றே கூட்டிவிடுகிறார். ஆர்க் அணையும் மொத்த நேரம் 0.1 நொடியிலிருந்து 0.3 நொடியாகிவிட்டால், வெப்பமும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். 6 கலோரி என்ற லேபிளை நம்பி, 8 கலோரி தாங்கும் உடையோடு கதவைத் திறப்பவர் எதிர்கொள்ளப்போவது 18 கலோரி. செட்டிங் மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. ஆய்வைப் பராமரிப்பவரின் கையொப்பம் இல்லாமல் டயலைத் தொடக்கூடாது என்ற விதியே இங்கு உதவும்.

மின்னோட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணுவது இதைவிட ஏமாற்றுகிற தவறு. டிரான்ஸ்ஃபார்மர் வழி மின்சாரத்துக்கு மட்டும் கணக்கிட்டுவிட்டு, ஜெனரேட்டரில் ஓடும் நேரத்தை விட்டுவிடும் அறிக்கைகள் உண்டு. 500 கேவிஏ ஜெனரேட்டரின் ரியாக்டன்ஸ் (அதன் உள் மின்தடுப்பு) 15% என்றால், அது தொடக்கத்தில் தரக்கூடிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டமே சுமார் 4,600 ஆம்பியர்தான், அதுவும் அடுத்த சில சைக்கிள்களில் சரிந்துவிடும். அதன் 800 ஆம்பியர் பிரேக்கரில் உடனடி டிரிப் பத்து மடங்கில், அதாவது 8,000 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால், இந்த மின்னோட்டம் அந்த அளவை எட்டவே எட்டாது. பிரேக்கர் ஓவர்லோடு என்று கருதி நிதானமாக நொடிகளை எண்ணிக்கொண்டிருக்க, ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து ஒருவர் தப்பி ஓட வழியிருந்தால் இரண்டு நொடிவரை கணக்கில் எடுத்தால் போதும் என்கிறது ஆர்க் ஃபிளாஷ் கணக்கீட்டு வழிகாட்டியான ஐஇஇஇ 1584. இரண்டு நொடி என்பது 0.1 நொடியைப்போல் இருபது மடங்கு. எனவே டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், பேனலின் இரு பகுதிகளை இணைக்கும் பஸ் கப்ளர் மூடிய நிலை என்று ஆலை ஓடும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் மோசமானதையே லேபிளில் அச்சிட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் முதலில் வந்துசேரும் இன்கமர் பேனலில் நடக்கும் பிழை வேறு வகை. அங்குள்ள ஏசிபி (காற்று வகைப் பிரேக்கர்) தன்னுடைய கூண்டுக்குள், தனக்கு முன்னால் உள்ள முனைகளில் நேரும் ஆர்க்கை அணைக்க முடியாது. அதைத் துண்டிக்க வேண்டியது 11 கேவி பக்கத்து விசிபி (வெற்றிட வகைப் பிரேக்கர்). அது மெதுவாக இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தால், ஆலையிலேயே மிக அபாயமான இடம் இந்தக் கூண்டாகிவிடும். ஏசிபியின் நேரத்தைக் கொண்டு கணக்கிட்ட சாதுவான எண் இன்கமர் கதவில் இருந்தால், அறிக்கை தயாரித்தவரிடம் விளக்கம் கேட்பது நல்லது. கிரீஸ் இறுகி, ஆண்டுக்கணக்கில் இயக்கிப் பார்க்கப்படாத பிரேக்கர், தயாரிப்பாளர் கொடுத்த நேரத்துக்குள் திறக்கும் என்று நம்பிக் கணக்கிடுவதும் இதே ரகம்தான்.

பழைய லேபிளின் மேலேயே புதியதை ஒட்டுவதையும், ஒரே லேபிளில் கலோரி அளவோடு அட்டவணையிலிருந்து எடுத்த பாதுகாப்பு உடை வகை எண்ணையும் சேர்த்து அச்சிடுவதையும் தவிர்க்க வேண்டும். இரண்டாவதை என்எஃப்பிஏ 70இ வெளிப்படையாகவே தடுக்கிறது. மண்டை ஓடும் எலும்பும் போட்ட அபாயப் பலகை இருப்பதால் இந்த லேபிள் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்தப் பலகை சட்டப்படி இருந்தாக வேண்டியது. ஆனால் எந்த உடை அணிய வேண்டும் என்பதை அது சொல்லாது.

பேனலுக்குப் பெயின்ட் அடிக்கும் நாள்களில் தனிக் கவனம் வேண்டும். ஒரே அளவுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்து, காய்ந்த பிறகு கைக்குக் கிடைத்த வரிசையில் மாட்டிவிடுவார்கள். மூன்றாம் ஃபீடரின் (பேனலிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் கிளை) லேபிள் இன்கமரில் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த தணிக்கைவரை எவரும் கவனிக்க மாட்டார்கள். லேபிளில் பேனலின் பெயரையும் ஃபீடர் எண்ணையும் ஆய்வு நடந்த தேதியையும் அச்சிட்டு, கதவைத் தவிர்த்து அசையாத சட்டத்தில் ஒட்டினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.