படகு டிரெய்லரில் தேய்ந்த டிஸ்க் பிரேக்கை மாற்றும் முறை

காரின் பிரேக் ஓடித் தேய்கிறது. படகு டிரெய்லரின் பிரேக்கோ பெரும்பாலும் நின்றே கெடுகிறது. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறியபின் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதுதான் காரணம். சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர் தட்டைக் கவ்வும் பேட் தேய்ந்து தீரும் முன்பே, பேடை அழுத்தும் கேலிப்பரின் ஸ்லைடு பின் (கேலிப்பர் நகரும் தண்டு) துருவில் இறுகிவிடும், பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே சிக்கிக்கொள்ளும். பேடின் இரும்புத் தகட்டுக்கும் உராய்வுப் பூச்சுக்கும் நடுவே துரு புகுந்தால் பூச்சு தகட்டோடு நில்லாமல் உரிந்து வந்துவிடும். எனவே பேடை மட்டும் மாற்றிச் சக்கரத்தைப் பூட்டிவிடக் கூடாது. எது கெட்டதால் பேட் தேய்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

முடிந்தால் படகை இறக்கிவிடுங்கள். முடியாதபோது டிரெய்லரை வண்டியோடு மாட்டியே வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்குங்கள். ஆக்ஸில் குழாயின் நடுவே ஜாக்கி வைத்தால் குழாய் வளையும். தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

இப்போது சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். லேசாக உரசிக்கொண்டு சுற்றினால் சரி. இறுக்கமாக நின்றால் கேலிப்பரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலும் காற்றும் வெளியேறும் சிறு திருகு) கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் கேலிப்பர்மேல் பழியில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அல்லது டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் முன்னாலுள்ள கப்ளர் முழுதாகத் திரும்பாமல், ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோதான் சிக்கியிருக்கிறது. ஒரு நிமிட வேலைதான், ஆனால் எதை வாங்க வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

பேட் தேய்ந்த விதமும் பேசும். உள்பக்க பேட் தீர்ந்து வெளிப்பக்க பேட் தடிமனாக இருந்தால் கேலிப்பர் பின்னில் நகரவில்லை. பேட் ஒரு ஓரம் மெலிந்து ஆப்புபோல் தேய்ந்திருந்தாலும் பின்னையே சந்தேகப்படுங்கள். பூச்சு 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது, 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டிரெய்லரை எடுக்கவே கூடாது. ரோட்டரின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளந்து, அதற்குக் கீழே இருந்தாலோ முகத்தில் துருக்குழி விழுந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். துருக்குழி விழுந்த ரோட்டர் புதுப் பேடை அரம்போல் அராவிவிடும்.

வாங்க வேண்டியவை

ஒரு ஆக்ஸிலுக்கு 2 ரோட்டர், 4 பேட், தேவைப்பட்டால் 2 கேலிப்பர், 2 ஹோஸ், ஹோஸைக் கேலிப்பரில் இணைக்கும் ஒவ்வொரு பான்ஜோ போல்ட்டுக்கும் 2 புதுச் செம்பு வாஷர். கப்ளரில் எழுதியிருக்கும் வகை பிரேக் ஆயில், பெரும்பாலும் டாட் 3, புதிதாக மூடியிருக்கும் 1 லிட்டர் பாட்டில். திறந்து வைத்த பழைய பாட்டில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் டிரெய்லர் இழுக்கும், ஆகவே எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கும் டிரெய்லருக்கு துருப்பிடிக்காத எஃகு கேலிப்பரும், தகடும் துருப்பிடிக்காத பேடும் கிடைத்தால் கூடுதல் விலை தகும்.

கழற்றுவதும் பூட்டுவதும்

கேலிப்பர் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து வையுங்கள். பழைய கேலிப்பரையே திரும்பப் பூட்டுவதானால் அதை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளப் பழைய பேடைக் குறுக்கே வைத்து சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள், நிப்பிளைத் திறந்துவைத்து. மூடிவைத்து அழுத்தினால் அடியில் தேங்கிய கறுத்த ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பிப் போகும். பிஸ்டன் கைக்கு அடங்காமல் முரண்டு பிடித்தால் கேலிப்பரை மாற்றுவதே வழி.

ரோட்டர் இருவகை. ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) மேல் சொருகும் வகை, கேலிப்பரை எடுத்ததும் கையோடு வரும். துருவால் ஒட்டியிருந்தால் சக்கரம் மாட்டும் ஸ்டட்டுகளுக்கு நடுவே சுத்தியலால் தட்டினால் போதும். ஹப்போடு சேர்ந்தே வார்த்த வகை என்றால் பேரிங்கைக் கழற்றியாக வேண்டும். அப்போது பேரிங்கைக் கழுவித் தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ் திணித்து, ஆயில் சீலைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். ஆக்ஸில் முனை நட்டை 68 நியூட்டன் மீட்டர் வரை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பின் முழுதாகத் தளர்த்தி, ஹப்பைச் சுற்றாமல் விரலால் மட்டும் இறுக்கி, நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கி அப்படியே விட்டால் பேரிங் வழியிலேயே வெந்துவிடும்.

புது ரோட்டரில் துருவைத் தடுக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைக்காவிட்டால் அது பேடில் ஊறிவிடும், ஊறிய பேடைக் காப்பாற்ற முடியாது. ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை வீங்க வைத்து மறுபடியும் இறுக்கும்.

கேலிப்பரைப் பூட்டும்போது நிப்பிள் மேலே பார்க்கிறதா என்று கவனியுங்கள். இடது கேலிப்பரை வலப்பக்கம் மாட்டினாலும் போல்ட் பொருந்திவிடும், ஆனால் நிப்பிள் கீழே போய், மேலே சிக்கிய காற்று எத்தனை முறை அடித்தாலும் வெளியே வராது. 'எவ்வளவு ஏர் எடுத்தும் பிரேக் பிடிக்கவில்லை' என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஏர் எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் கப்ளரின் தள்ளுதண்டை அழுத்த, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். தண்டு திரும்பும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும். குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையே ஆயில் தொட்டி காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், அதனால் நான்கைந்து அடிக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். சிந்திய ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டிரெய்லர் முன்னால் தள்ளி வரும் வேகத்தில் பிடிக்கும் சர்ஜ் வகை பிரேக்காக இருந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போதும் கப்ளர் அழுந்துவதால் டிஸ்க் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டதும் 'டிக்' என்று கேட்க வேண்டும். இரண்டாவது, முன்பு டிரம் பிரேக் இருந்து டிஸ்க்குக்கு மாற்றிய டிரெய்லர் என்றால், டிரம்முக்காக லைனில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு மாஸ்டர் சிலிண்டரில் எடுக்கப்படாமல் அப்படியே இருக்கலாம். அதை எடுக்காவிட்டால் பேட் எந்நேரமும் உரசிச் சூடாகும்.

வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் மூன்று கட்டமாக இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு 120 முதல் 160 நியூட்டன் மீட்டர். முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி டார்க் ரென்ச் வையுங்கள். புது ரோட்டர் ஹப்பின்மேல் படியும்போது நட் தளரும்.

முதல் ஓட்டத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து மிதமாகப் பத்து முறை நிறுத்துங்கள், நடுவே ஆற விட்டு. பிறகு ஒவ்வொரு ஹப்பிலும் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பின் இறுகியிருக்கிறது அல்லது பேரிங் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள்; ஹப் சட்டென்று குளிரும்போது சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படகை ஏற்றியபின் கேலிப்பர்மேல் நல்ல தண்ணீரை 5 நிமிடம் பாய்ச்சி, ஈரமாகவே நிறுத்தாமல் சிறிது தூரம் ஓட்டிப் பிரேக் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.