பொன்னாடை போர்த்தும்போது மனதை எங்கே வைப்பது?

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தாலும் சரி, ஆசிரியர் நியமனம் கிடைத்தாலும் சரி, நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அடுத்து மேடை போட்டு மாலையும் பொன்னாடையும் கொண்டுவந்துவிடுவார்கள். லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று மேலே வந்தால் ஊரே தான் ஜெயித்ததாக நினைத்துப் பூரிக்கிறது, அந்தச் சந்தோஷத்தை மறுக்காதீர்கள். "ஐயோ எனக்கெல்லாம் எதற்கு" என்று மூன்று முறை சொல்லி மற்றவர்களைக் கெஞ்ச வைப்பதும் அகங்காரம்தான். கைகூப்பி வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், போதும்.

ஆனால் மேடைக்குப் போவதற்கு முன்னால் கோயிலுக்குப் போங்கள். கூட்டம் வருவதற்கு முன்பே, தனியாக. ஒரு கற்பூரம் ஏற்றி, "இது நீ தந்தது, நான் சுமக்கிறேன்" என்று வாய்விட்டே சொல்லுங்கள், ஏனென்றால் மனதுக்குள் சொல்வது சீக்கிரம் கரைந்துவிடும். அறநெறி வகுப்பில் சிவபுராணம் படித்தோமே, "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று. கும்பிடுவதற்கே அவன் அருள் வேண்டும் என்கிறார் மாணிக்கவாசகர், அப்படியிருக்க நம் பரீட்சைப் பெறுபேறு எந்த மூலைக்கு?

பேசச் சொன்னால் நேரத்தில் பெரும்பங்கை மற்றவர்களுக்குக் கொடுங்கள். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் நம்மைப் பார்த்துக்கொண்ட அக்கா, மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய அம்மா, சம்பளம் வாங்காமல் பின்னேர வகுப்பு எடுத்த சேர், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் 5 தேர் ஓடும், வடம் பிடித்த அத்தனை பேரில் யார் இழுத்ததால் தேர் நகர்ந்தது என்று சொல்ல முடியுமா? நம் வெற்றியும் அப்படித்தான், வடம் பிடித்தவர்கள் ஏராளம், தேரில் இருப்பது அம்மன்.

கோயில் மரியாதை இன்னும் கவனமாக வாங்க வேண்டியது. பரிவட்டம் கட்டி, சாமிக்குச் சாத்திய மாலையைக் கழற்றி நம் கழுத்தில் போடும்போது அது பிரசாதமாகத்தான் வருகிறது. விபூதி வாங்குகிற மாதிரி குனிந்து வாங்க வேண்டியதை, யாருக்கு முதல் மரியாதை என்று கேட்டுச் சண்டை போட்டு, கோயில் கமிட்டியே இரண்டாக உடைந்து, திருவிழா நின்றுபோன தோட்டங்கள் உண்டு. மேடையில் போட்ட மாலை வேறு. மனிதர் கழுத்தில் விழுந்ததைத் திரும்பச் சாமிக்குச் சாத்தக் கூடாது, பக்தி என்று நினைத்துச் செய்துவிடாதீர்கள். பொன்னாடையை, வருஷக்கணக்காகக் கோயில் முற்றம் கூட்டுகிற தாத்தாவுக்கோ பாட்டிக்கோ போர்த்திவிடலாம், அதுவும் போட்டோ எடுக்காமல்.

பேஸ்புக்கில் வாழ்த்துகளுக்கு ஒரே நன்றி போட்டுவிட்டு போனை வைத்துவிடுங்கள். யார் லைக் போட்டார், யார் போடவில்லை என்று படுக்கையில் எண்ண ஆரம்பித்தால், காலையில் கோயிலில் சொன்னது அங்கேயே போய்விடும்.

அப்புறம் மறுநாள் வேலை. பல்லவ மன்னனே சைவத்துக்கு வரக் காரணமாக இருந்த அப்பர் சுவாமிகள் அதற்குப் பிறகும் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். திருவிழா முடிந்த காலையில் அன்னதான இலைகள் ஈரமாகக் கிடக்கும், அடுப்படி கரியாக இருக்கும். விளக்குமாற்றோடு போய்விடுங்கள். யாராவது "நீங்க எதுக்கு சேர்" என்று கேட்டால் சிரித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, நாம் உழைத்த காரியத்தில் நம் பெயரை விட்டுவிட்டு இன்னொருவருக்கு மாலை போடும் நாள். நெஞ்சு எரியும், எரியட்டும், அதையும் சாமியிடமே சொல்லுங்கள், கமிட்டித் தலைவரிடம் சொல்ல வேண்டாம். மாலை வாங்கியவருக்கு மனதாரக் கை தட்டுங்கள். அடுத்த வருஷம் பந்தல் வேலைக்கு ஆள் கேட்கும்போது முதலில் கை தூக்குங்கள்.