கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் பாதாம், முந்திரி, வால்நட் சாப்பிடுவது எப்படி

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடிவிட்டது என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் பாதாம் டப்பாவை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. முதலில் கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டையும் பாருங்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, பாஸ்பரஸ் 2.5 முதல் 4.5 வரை என்பது பொதுவான அளவு. இதற்குள் இருந்தால் கொஞ்சம் சாப்பிட இடமிருக்கிறது. பொட்டாசியம் 5-ஐத் தாண்டியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம், அது ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

சரி, எதைச் சாப்பிடுவது? என் ஓட்டு வால்நட்டுக்குத்தான். 28 கிராம் வால்நட்டில், அதாவது சுமார் 14 பாதிப் பருப்பில், பொட்டாசியம் 125 மில்லிகிராம் போல இருக்கும், பாஸ்பரஸ் 100-க்குள். அதே எடை பாதாமில் (ஏறக்குறைய 23 பருப்பு) பொட்டாசியம் 200-ஐத் தாண்டும், பிஸ்தாவில் 290 வரை போகும். முந்திரியில் பாஸ்பரஸ் அதிகம், 165-க்கு மேல். இதெல்லாம் 28 கிராமுக்கான கணக்கு, நீங்கள் அவ்வளவு எடுக்க வேண்டாம், அதில் பாதி போதும். கைப்பிடிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் வால்நட் என்றால் ஏழு பாதிப் பருப்பு என்று எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.

பாதாமை ராத்திரி ஊறவைத்துத் தோலுரித்தால் பொட்டாசியம் எல்லாம் தண்ணீரில் போய்விடும் என்று நம்பி அளவைக் கூட்டாதீர்கள்.

பாதாம், வால்நட் மாதிரிப் பருப்புகளில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற, உடம்பு எளிதில் பிரிக்க முடியாத வடிவத்தில் இருப்பதால் உடம்பு அதை முழுசாக உறிஞ்சாது. கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கிற பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட அப்படியே ரத்தத்தில் சேரும். அதனால் பாஸ்பரஸைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்ட வேண்டியது அவற்றைத்தான். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை கொடுத்திருந்தால், பருப்பையும் அந்தச் சாப்பாட்டோடே சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு முந்திரி, மசாலா கடலை, பாக்கெட் மிக்சர் வேண்டவே வேண்டாம். பச்சையாக வாங்கி வெறும் வாணலியில் மெதுவான தீயில் வறுத்தாலே வாசம் தூக்கும். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பையும் தூவாதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடுதான் பெரும்பாலும் இருக்கும்.

காலையில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, மத்தியானம் முந்திரி அரைத்து விட்ட குருமா என்றால் அன்றைய பங்கு முடிந்தது, சாயந்திரம் பாதாம் கிடையாது.

கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாதாமையும் முந்திரியையும் நன்றாகக் குறையுங்கள், ஆக்சலேட் அதிகம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு, அவர்கள் அளவை டயட்டீஷியனிடம் மாதாமாதம் ரிப்போர்ட்டைக் காட்டி முடிவு செய்வதுதான் சரி.