‘வீட்லயே நின்ன வண்டிங்க’: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலை ஏற்காடு அடிவாரத்தில் நின்றால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், ஃபியட் லினியா டி-ஜெட், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ எல்லாம் வரிசையாக மலை ஏறும். புதிதாக வாங்கியவர்களின் முகத்தில் பூரிப்பு வழியும். அதில் சில வண்டிகள் இரண்டே மாதத்தில் சேலத்து மெக்கானிக் ஷெட்டில் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிக் கிடக்கும். பெயின்ட் அடித்திருக்கிறதா, இடிபட்டிருக்கிறதா என்பதை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். வண்டியைப் படுக்க வைக்கும் தவறுகள் வேறு.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

“வீட்லயே நின்ன வண்டிங்க, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு.” இந்த ஒரு வரிக்காகவே விலையை ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் டைமிங் பெல்ட்டுக்கு ஓடோமீட்டர் தெரியாது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் அந்தப் பெல்ட் ரப்பர். ஓடினாலும் நின்றாலும் வயதாகும், நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் ஆகும். 2011 மாடல் டி-ஜெட்டில் ஒரிஜினல் பெல்ட்டே இருந்தால், முப்பதாயிரம் கிலோமீட்டர் என்பது ஆறுதலே இல்லை.

டி-ஜெட், பழைய ஆக்டேவியாவின் 1.8 டர்போ இரண்டிலும் பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் சுழன்றுகொண்டே இருக்கும். திறந்து நிற்கும் வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், வால்வு கைடு கெடும், சில நேரம் பிஸ்டனும் போகும். ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பி, கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிதாகப் போட்டு முடிக்கும்போது பெல்ட் கிட் விலையைப்போலப் பல மடங்கு போயிருக்கும்.

“பெல்ட் மாத்தியாச்சுங்க” என்றால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் வெறுமனே ‘பெல்ட்’ என்றிருந்தால் அது ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டும் வெளி பெல்ட்டாக இருக்கலாம். அந்தப் பில்லைக் காட்டி விற்பதும் நடக்கிறது, நம்பி வாங்குவதும் நடக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

ஏன் எல்லாம் சேர்த்து? டென்ஷனர் பேரிங் இறுகினால் நேற்று போட்ட பெல்ட்டும் நாளை அறுந்துவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஆக்டேவியாவில் பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) போட்ட பம்ப் இருந்தால், அந்த இம்பெல்லர் ஷாஃப்டிலிருந்து கழன்றுவிடலாம், ஷாஃப்ட் மட்டும் சும்மா சுற்றும், என்ஜின் கொதிக்கும். மெட்டல் இம்பெல்லர் பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட்டின் மேல் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, முதுகு கண்ணாடிபோல மின்னினாலோ, எண்ணெய் படிந்திருந்தாலோ பேச்சுக்கே இடமில்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதும் சான்று ஆகாது. கழற்றி எடுத்த பெல்ட்டை வெளிப்பக்கமாக மடக்கினால்தான் பல்லின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும்.

மாற்றும்போது டி-ஜெட்டுக்குக் கேம்ஷாஃப்டைப் பூட்டும் டூல் கட்டாயம் வேண்டும். சாக்பீஸ் மார்க் போட்டு மாட்டுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மாட்டியபின் ஸ்பேனர் வைத்துக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங்கை மறுபடி சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதையெல்லாம் முதல் ஏற்காடு பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பைபாஸில் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்வது

கொண்டலாம்பட்டி பைபாஸில் எந்த வண்டியும் வெண்ணெயாகத்தான் போகும். மலையில் ஏற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இலவசமாகக் கிடைத்த டெஸ்ட் பெஞ்ச்.

வண்டி பார்க்கப் போனவுடன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டி-ஜெட்டில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தால் குளிர்ந்த என்ஜினில் ‘டிக் டிக்’ என்று கேட்கும், சூடேறியதும் அடங்கிவிடும்.

ஏசியைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டக் கூடாது. 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது எண்ணெயில் மூழ்காத இரட்டை டிரை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக். ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாக நகர்த்துங்கள், ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். வண்டி உதறினாலோ, மீட்டரில் கியர் எழுத்து மினுக்கினாலோ கிளட்ச் அல்லது மெக்கட்ரானிக்ஸ் (கியரைக் கட்டுப்படுத்தும் யூனிட்) செலவு காத்திருக்கிறது. ஐந்து ரோடு நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவர் மேனுவல் கியர் வண்டியையே எடுக்கலாம்.

மேலே போனதும் பத்து நிமிடம் அணைத்து வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்டேவியா அப்போது திக்கினால் முதலில் ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கினால் பிரேக் ஃப்ளூயிட் ஈரம் இழுத்திருக்கலாம். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஸ்கேனரில் எரர் கோட் இல்லை என்று நம்புவது

வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த எரர் கோட்களைக் காலையில் அழித்துவிட்டு மாலையில் காட்டலாம். அதே ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டரை (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியல்) பாருங்கள். பல வரிகளில் ‘நாட் ரெடி’ என்று வந்தால் அண்மையில் எரர் கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ரீமேப் செய்த டிஎஸ்ஜி போலோ

ரீமேப் என்றால் சாஃப்ட்வேரை மாற்றி என்ஜின் சக்தியைக் கூட்டுவது. அந்த கியர்பாக்ஸ் தாங்கும் டார்க்கின் (முறுக்குவிசை) எல்லை 250 நியூட்டன் மீட்டர். வேண்டாம்.

கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர்

என்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து விரலால் தடவுங்கள். விரலில் துருநிறச் சேறு ஒட்டினால் ரேடியேட்டர், ஹீட்டர் கோர், தெர்மோஸ்டாட் மூன்றுக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

டயர் பட்டனை மட்டும் பார்ப்பது

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். அவ்வளவு பழைய டயரை, பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

ஆர்சி வயதை மறப்பது

பதிவு 15 வருடம்தான். 2010-இல் பதிவான டி-ஜெட்டுக்கு 2025-இலேயே அது முடிந்துவிட்டது. புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கர்நாடக, புதுச்சேரிப் பதிவு வண்டியென்றால் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) தமிழ்நாட்டு வரியும் யார் தலையில் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.