டர்போ காரில் பவர் கூட்டும் முன்

ரீமேப்புக்கு (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) முன் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்களைப் பாருங்கள். கிளாம்ப் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தால், காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு. அதை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும்.

பெட்ரோல் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக் ஒரு படி ‘கோல்டு’ ரகம் (சூட்டை வேகமாகக் கடத்துவது), பிளக் முனை இடைவெளி சுமார் 0.6 மி.மீ. அகலமாக இருந்தால் கூடுதல் பூஸ்ட்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்) பொறி அணைந்து வண்டி திக்கும். ஸ்டேஜ் 1 (பாகங்களை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றும் ரீமேப்) தாராளமாகப் போதும். மேப் (அந்தப் புதிய புரோகிராம்) 95 ஆக்டேன் பெட்ரோலுக்குப் போட்டதென்றால் சாதா பெட்ரோல் ஊற்றவே கூடாது. நாக்கிங்கில் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) பிஸ்டன் உடையும்.

மதுரையில் லாக் (ஓட்டும்போது இன்ஜின் சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்க மதியம் 2 மணி வெயில்தான் சரி. விடியற்காலைக் குளிர்ச்சியில் இழுக்கும் காற்றின் சூடு குறைவு, குறை இருந்தாலும் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

ஆயில் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. கொடைக்கானல் மலையேறியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.