மேக்னடைட் தூள் சுத்தமா? 120 கெல்வினில் கேளுங்கள்

எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்த்து மேக்னடைட் (Fe₃O₄ என்ற காந்த இரும்பு ஆக்சைடு) தூள் சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். காற்றுப்பட்டு மாகமைட்டாக (மேலும் ஆக்சிஜனேற்றமடைந்த இரும்பு ஆக்சைடாக) மாறிய தூளும் கிட்டத்தட்ட அதே கோடுகளைத்தான் காட்டும். வெர்வே மாற்றம், அதாவது குளிரும்போது மேக்னடைட்டின் படிக அமைப்பும் காந்தப் பண்பும் சட்டென்று மாறுவது, அப்படியல்ல. நல்ல தூளில் 120 கெல்வினை ஒட்டிக் கூர்மையாக வரும். இரும்பு கொஞ்சம் குறைந்தாலே 100 கெல்வினுக்குக் கீழே நழுவி மழுங்கிவிடும். சில பத்து நானோமீட்டருக்கும் சிறிய துகள்களில் மங்கிப்போவது இயல்பு, அதற்குத் தூளைக் குறை சொல்லாதீர்கள்.

அகேட் உரலில், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் அரையுங்கள். வெளியே அசிட்டோன் ஊற்றி அரைத்தால், அது ஆவியாகும் குளிர்ச்சியில் சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் தூளிலேயே படியும். ஸ்டீல் இடுக்கி வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

5 மில்லிகிராம் தூளை ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டு, உருக்கிய ஐக்கோசேன் என்ற மெழுகை ஊற்றி உறையவிடுங்கள்; 37 டிகிரி செல்சியஸிலேயே உருகும். தூள் அசைந்தால் துகள்கள் புலத்தோடு திரும்பிக்கொள்ளும், வளைகோடு பொய் சொல்லும். மூடியில் ஊசித்துளை ஒன்று இடுங்கள். உள்ளே காற்று தங்கினால் 50 கெல்வினை ஒட்டி ஒரு மேடு தெரியும். அது உறைந்த ஆக்சிஜன். புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடிவிடாதீர்கள்!

காந்தமாக்கத்தை அளக்கும் கருவியில் மாதிரியை ஏற்றும் முன்பே காந்தப் புலத்தை 1 டெஸ்லாவிலிருந்து ஊசலாட்டி பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மீந்த புலம் சில எர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் சிறிய அலகு) இருந்தாலும் 'பூஜ்யப் புலக் குளிர்விப்பு', அதாவது புலமே இல்லாமல் குளிர்விப்பது, என்பது பெயரளவுக்குத்தான். பிறகு 10 கெல்வினுக்குக் குளிர்வித்து, 50 எர்ஸ்டெட் கொடுத்து, நிமிடத்துக்கு 2 கெல்வின் வீதம் சூடேற்றுங்கள். 105 முதல் 135 வரை அரை கெல்வின் வீதமே போதும். மாற்றத்துக்குக் கீழே படிகத் திசைச்சார்பு (காந்தமாக்கம் படிகத்தின் குறிப்பிட்ட திசையிலேயே பிடிவாதமாக நிற்பது) மிக அதிகம். அதனால் அந்த இடத்தைத் தாண்டும்போது காந்தமாக்கம் சட்டென்று மேலே தாவும்.

வெப்பக் கொள்ளளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். தூளை 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வில்லையாக அழுத்துங்கள். வில்லையைக் கருவியோடு வெப்பத் தொடர்பில் வைக்கும் கிரீஸை மட்டும் முதலில் அளந்து, அதே கிரீஸ்மேல் வில்லையை வையுங்கள். ஒவ்வொரு அளவீட்டிலும் கருவி வழக்கமாகத் தரும் 2 விழுக்காட்டு வெப்பநிலை உயர்வு, 120 கெல்வினில் 2.4 கெல்வின் ஆகிவிடும். மாற்றமே அதைவிடக் குறுகலானது. உள்ளுறை வெப்பம் சராசரியில் கரைந்து, சிகரம் குட்டையாகத் தெரியும். 115-இல் தொடங்கி 125-ஐத் தாண்டும் ஒரே நீண்ட வெப்பத் துடிப்பு கொடுத்து, வெப்பநிலைக் கோட்டின் சரிவைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிடுங்கள். இடையே கோடு தட்டையாக நிற்கும் இடம்தான் மாற்றம்.

முடிந்ததும் 300 கெல்வினுக்குச் சூடேற்றாமல், மாதிரியைத் தாங்கும் தண்டை உருவாதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் குளிர்ந்த தண்டு நொடியில் நனைந்துவிடும். துடைக்காமல் அடுத்த மாதிரியை இறக்கினால் அந்த நீர் உள்ளே பனிக்கட்டியாகித் தண்டையே பிடித்துக்கொள்ளும்.