பொதுக் கணினியில் கிட்ஹப் கணக்கை விஎஸ் கோடுடன் இணைப்பது எப்படி?

காரைக்குடியில் கல்லூரி ஆய்வகக் கணினியில் நிரல் எழுதும் மாணவர்கள் பலர், நிரல்களை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்கில் உள்நுழைந்துவிட்டாலே நிரல் தம் பெயரில் பதிவாகிவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடுடன், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் சேர்ந்து வருவதில்லை. அது கணினியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, ‘கிட்: க்ளோன்’ (நிரலைக் கணினிக்குப் படியெடுப்பது) என்பதையும் அடுத்து ‘க்ளோன் ஃப்ரம் கிட்ஹப்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால், உலாவியில் அனுமதி கேட்கும் பக்கம் திறக்கும். அனுமதிப் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பக்கத்தில் யாருடைய கணக்கு தெரிகிறது என்று பாருங்கள். முன்பு அமர்ந்தவர் வெளியேறாமல் போயிருக்கலாம். கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்று நிறுத்திவிட்டது. ஆகவே கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு டோக்கன் (அனுமதிக்கான ரகசியக் குறியீடு)தான் கருவிக்கு வந்து சேர்கிறது.

அடுத்தது பெயர். ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்காக நான் செய்த இணையப் பக்கத்தில், மூன்று நாள் வேலை முழுவதும் முகம் தெரியாத ஒரு மாணவர் பெயரில் பதிவாகியிருந்தது. எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும்படி அவர் விட்டுச்சென்ற க்ளோபல் அமைப்பே காரணம். இதைத் தவிர்க்க, திட்டத்தின் கோப்புறைக்குள் டெர்மினலை (கட்டளை இடும் சாளரத்தை) திறந்து, கிட் கான்ஃபிக் கட்டளையால் யூசர்.நேம், யூசர்.ஈமெயில் இரண்டையும் நிரப்புங்கள். ‘க்ளோபல்’ என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் அவை அந்தக் கோப்புறைக்கு மட்டுமே பொருந்தும். செட்டிநாட்டு வீட்டில் வளவு (முற்றம் சூழ்ந்த பகுதி) ஒன்றானாலும் புள்ளிக்கொரு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு) அறையும் தனிப் பூட்டும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மின்னஞ்சல், கிட்ஹப் கணக்கில் சேர்த்த முகவரியாகவே இருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் பங்களிப்பு உங்கள் பக்கத்தில் தெரியாது. முதல் கமிட்டுக்கு (மாற்றங்களைக் கிட்டில் பதிவுசெய்வதற்கு) பின் ‘கிட் லாக்’ கொடுத்து, ஆத்தர் என்ற வரியைப் படித்துப் பாருங்கள்.

புஷ் செய்யும்போது (பதிவுகளைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போது) 403 என்ற பிழை வந்தால், உள்நுழைவு விவரங்களைச் சேமித்துவைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் வேறொருவரின் கிட்ஹப் பதிவு தங்கியிருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

எழுந்து போகுமுன், விஎஸ் கோடின் இடப்பக்க அடியில் உள்ள கணக்குச் சின்னத்தில் சைன் அவுட் செய்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் உங்கள் பதிவையும் நீக்கி, உலாவியிலும் வெளியேறுங்கள். மறந்து வீடு வந்துவிட்டால், கிட்ஹப் செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பகுதிக்குச் சென்று விஎஸ் கோடுக்கு அளித்த அனுமதியை ரத்து செய்யலாம். அப்போது உங்கள் சொந்தக் கணினியின் இணைப்பும் சேர்ந்தே அறும், அங்கே மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும்.